தனக்குத் தானே நேர்மாறான சார்புகள்: சோதிப்பது, உருவாக்குவது, பயன்படுத்துவது

10-லிருந்து ஓர் எண்ணைக் கழிக்கும் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். 3 கொடுத்தால் 7 வரும். அந்த 7-ஐயே மறுபடி உள்ளே போட்டால் 3 திரும்பி வரும். எந்த எண்ணைக் கொடுத்தாலும் இப்படித்தான். செய்ததை அழிக்க வேறு சார்பைத் தேட வேண்டியதில்லை, அதையே இன்னொரு முறை செய்தால் போதும். இத்தகைய சார்பைத் தன்நேர்மாறு என்று இங்கே சுருக்கமாக அழைப்போம்.

குறியீடுகளை முதலில் சொல்லிவிடுவோம். சார்புக்கு ச, உள்ளீட்டுக்கு ய, வெளியீட்டுக்கு வ. அ, ஆ, இ, ஈ ஆகியவை மாறிலிகள். பெருக்கலுக்கு நடுப்புள்ளி. தேவையான ஒரே நிபந்தனை இது:

ச(ச(ய)) = ய, சார்பகத்தில் உள்ள ஒவ்வொரு ய-க்கும்.

சூத்திரத்தைவிட ஒரு படம் மனதில் நின்றால் மீதி எல்லாம் எளிது. ய போய் வ-வில் விழுகிறது, வ திரும்பி ய-வில் விழுகிறது. ஆகவே சார்பகம் முழுவதும் ஜோடி ஜோடியாகப் பிரிந்துவிடும். ஜோடி கிடைக்காத உறுப்பு தன்னிலேயே விழும். அதற்கு நிலைப்புள்ளி என்று பெயர். மேலே சொன்ன சார்பில் 3-க்கு 7 ஜோடி, 12-க்கு −2 ஜோடி, 5 மட்டும் தனியன். ஜோடிகளும் தனியன்களும் தவிர மூன்றாவது வகை கிடையாது. எல்லாத் தன்நேர்மாறுகளும் இவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு வசதி. ச(அ) = ச(ஆ) என்றால் இருபுறமும் ச-வை இன்னொரு முறை போடுங்கள், அ = ஆ என்று வந்துவிடும். எனவே ஒன்றுக்கு ஒன்று என்பதைத் தனியாக நிறுவத் தேவையில்லை. ஒவ்வொரு ய-வும் ச(ய)-இன் பிம்பமாக இருப்பதால் மேல்சார்பு என்பதும் இலவசமாகக் கிடைக்கிறது.

சோதிக்கும் முறை

படி 1. சார்பகத்தை எழுதுங்கள். பெரும்பாலோர் தாவிச் செல்லும் படி இதுதான், பெரும்பாலான தவறுகள் பிறப்பதும் இங்கேதான்.

படி 2. வீச்சகத்தைக் கண்டுபிடியுங்கள். அது சார்பகத்தோடு அச்சாக ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் வேலை முடிந்தது, அது தன்நேர்மாறு இல்லை.

படி 3. ஏதாவது இரண்டு மூன்று எண்களைப் போட்டுப் பாருங்கள். ஓர் எண் தவறினாலே சார்பு தோற்றது. எல்லாம் சரியாக வந்தால் எதுவும் நிரூபணமாகவில்லை, அடுத்த படிக்குப் போகலாம் என்று மட்டுமே பொருள்.

படி 4. ச(ச(ய))-வை முழுதாக விரித்து ய வருகிறதா என்று பாருங்கள். அல்லது வ = ச(ய) என்ற சமன்பாட்டில் ய-வைத் தனிமைப்படுத்துங்கள். அதே சூத்திரம் எழுத்து மாறி வந்தால் போதும்.

ஒரு கணக்கைச் செய்வோம்.

ச(ய) = (3ய + 5)/(2ய − 3)

ய = 3/2 என்றால் பகுதி சுழியம், எனவே அந்த எண் சார்பகத்தில் இல்லை. இந்தச் சார்பு 3/2 என்ற மதிப்பை ஒருபோதும் எடுக்காது என்பதையும் சரிபாருங்கள்: (3ய + 5)/(2ய − 3) = 3/2 என்று வைத்தால் 6ய + 10 = 6ய − 9 என வரும், அது நடக்காது. விலக்கிய எண் இரு பக்கமும் ஒன்றே. படி 2 தாண்டியாகிவிட்டது. இனி எண்கள்: ய = 2 என்றால் 11/1 = 11. ய = 11 என்றால் 38/19 = 2. நம்பிக்கை தரும் அறிகுறி. கடைசியாக விரிவு:

தொகுதி: 3(3ய + 5) + 5(2ய − 3) = 19ய
பகுதி: 2(3ய + 5) − 3(2ய − 3) = 19

விடை ய. முடிந்தது.

எங்கே வழுக்கும்?

முதல் வழுக்கல் குறியீட்டில். ச⁻¹ என்பது நேர்மாறு, 1/ச என்பது தலைகீழி. இரண்டும் வெவ்வேறு. 1/ய என்ற சார்பு இந்தக் குழப்பத்தை வளர்த்துவிடுகிறது, ஏனென்றால் அது எண்ணின் தலைகீழியைத் தருகிறது, கூடவே தனக்குத் தானே நேர்மாறாகவும் இருக்கிறது. அதன் நேர்மாறு 1/ய. அதன் தலைகீழியோ ய.

இரண்டாவது, ஒரே எண்ணை நம்புவது. ய² − 1 என்ற சார்பில் 0 போட்டால் −1, −1 போட்டால் 0. பார்க்க அழகான ஜோடி. 2 போட்டுப் பாருங்கள்: 3, பிறகு 8. சோதனைக்கு 0, 1, −1 ஆகிய மூன்றையும் தவிர்ப்பது நல்லது. அவை எல்லாரிடமும் நல்லவர்களாக நடந்துகொள்ளும் எண்கள்.

மூன்றாவது, சார்பகம். √(25 − ய²) தன்நேர்மாறா? சூத்திரத்தை மட்டும் பார்த்தால் ஆம் போலத் தோன்றும்: உள்ளே விரித்தால் √(ய²) வரும். ஆனால் √(ய²) என்பது ய அல்ல, அதன் மட்டு மதிப்பு. −3 போட்டால் 4, 4 போட்டால் 3. குறி தொலைந்துவிட்டது. சார்பகத்தை 0 முதல் 5 வரை என்று சுருக்கினால் அதே சூத்திரம் தன்நேர்மாறாகிவிடும். அதனால்தான் படி 1 முதலில் நிற்கிறது: தன்நேர்மாறாக இருப்பது சூத்திரத்தின் குணமல்ல, சூத்திரமும் சார்பகமும் சேர்ந்த குணம்.

நான்காவது, மூன்று படி சுற்றிவருபவை. 1 − 1/ய என்ற சார்பில் 2 → 1/2 → −1 → 2. மூன்றாம் முறையில்தான் வீடு திரும்புகிறது. தோற்றத்தில் தன்நேர்மாறுகளின் உறவினர் போல இருக்கும், ஆனால் இதன் நேர்மாறு 1/(1 − ய).

குடும்பங்கள்

நேரியல் சார்புகளை விரைவாக முடித்துவிடலாம். ச(ய) = அ·ய + ஆ என்று வைத்து இருமுறை போட்டால் அ²·ய + அ·ஆ + ஆ. இது ய ஆக வேண்டும் என்றால் அ² = 1, ஆ(அ + 1) = 0. அ = 1 என்றால் ஆ = 0, அது சமனிச் சார்பு. அ = −1 என்றால் ஆ எதுவாகவும் இருக்கலாம். ஆகவே ஆ − ய வடிவமும் சமனிச் சார்பும் தவிர வேறொன்றும் இல்லை.

விகிதமுறு சார்புகளில்தான் விஷயம் சுவையாகிறது. பொது வடிவம்:

ச(ய) = (அ·ய + ஆ)/(இ·ய + ஈ)

இருமுறை போட்டு விரித்தால் தொகுதி (அ² + ஆ·இ)·ய + ஆ(அ + ஈ), பகுதி இ(அ + ஈ)·ய + (ஆ·இ + ஈ²). இது ய-வுக்குச் சமமாக வேண்டுமானால் ஆ(அ + ஈ), இ(அ + ஈ) இரண்டும் சுழியமாக வேண்டும், அ² = ஈ² ஆகவும் வேண்டும். அ + ஈ = 0 என்று வைத்தால் மூன்றும் ஒரே அடியில் தீர்ந்துவிடும். இல்லையென்றால் ஆ = இ = 0, அ = ஈ, அதாவது சமனிச் சார்பு. எனவே கண்ணால் பார்த்தே சொல்லும் விதி: மேலே ய-வின் கெழுவும் கீழே உள்ள மாறிலியும் ஒன்றுக்கொன்று எதிர்க்குறி. முன்பு பார்த்த சார்பில் அவை 3, −3. 19 எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது தெரிகிறது: அ² + ஆ·இ = 9 + 10.

இந்த அ² + ஆ·இ சுழியமாகிவிடக் கூடாது. (2ய − 4)/(ய − 2) எதிர்க்குறி விதியை நிறைவேற்றுகிறது, ஆனால் 4 − 4 = 0. சுருக்கிப் பாருங்கள், வெறும் 2 என்ற மாறிலி. விதியை மனப்பாடம் செய்தவர்கள் விழும் குழி இது.

அதே எண்ணின் குறி இன்னொன்றையும் சொல்கிறது. நிலைப்புள்ளிகளுக்கான சமன்பாடு இ·ய² − 2·அ·ய − ஆ = 0, அதன் தன்மைகாட்டி 4(அ² + ஆ·இ). இ சுழியமாக இல்லாதவரை, மிகை என்றால் இரண்டு நிலைப்புள்ளிகள், குறை என்றால் மெய்யெண்களில் ஒன்றும் இல்லை. நம் சார்பில் (3 ± √19)/2. மாறாக −1/ய சார்பில் அந்த எண் −1, எனவே ஒரு தனியனும் இல்லை, எல்லாமே ஜோடிகள்.

புதிதாக ஒன்றை உருவாக்க இரண்டு வழிகள் கைவசம் இருந்தால் போதும்.

வழி ஒன்று, சமச்சீர் சமன்பாடு. ய-வையும் வ-வையும் இடம் மாற்றினாலும் மாறாத ஒரு சமன்பாட்டை எழுதுங்கள், வ-வுக்குத் தீர்வு காணுங்கள். ஒவ்வொரு ய-வுக்கும் ஒரே ஒரு வ கிடைத்தால் அது தன்நேர்மாறு. ய + வ = 10 என்றால் 10 − ய. ய³ + வ³ = 1 என்றால் (1 − ய³)-இன் கனமூலம், எல்லா மெய்யெண்களுக்கும். ய² + வ² = 25 என்றால் ஒரு ய-வுக்கு இரண்டு வ, எனவே கால்வட்டத்தை மட்டும் எடுக்க வேண்டும். நம் விகிதமுறு சார்பும் இதே வார்ப்புதான்: (ய − 3/2)(வ − 3/2) = 19/4 என்று எழுதினால் சமச்சீர் வெளிப்படும். வரைபடத்தில் இது வ = ய என்ற கோட்டில் கண்ணாடி வைத்தால் தன் மேலேயே விழும் அதிபரவளையம். எந்தத் தன்நேர்மாறின் வரைபடத்தையும் தாளில் வரைந்து அந்தக் கோட்டில் மடித்தால் இரு பாதிகளும் பொருந்தும்.

வழி இரண்டு, போய், செய்து, திரும்புதல். த என்பது நேர்மாறுள்ள ஏதோ ஒரு சார்பு. த வழியாக வேறோர் இடத்துக்குப் போங்கள், அங்கே தெரிந்த தன்நேர்மாறு ஒன்றைச் செய்யுங்கள், த⁻¹ வழியாகத் திரும்புங்கள். மொத்தமும் தன்நேர்மாறு. இருமுறை செய்யும்போது நடுவில் த⁻¹-உம் த-வும் ஒன்றையொன்று அழித்துவிடும், பிறகு ச-வும் ச-வும் அழியும், மிச்சம் ஒன்றுமில்லை. த மடக்கையாகவும் ச என்பது −ய ஆகவும் இருந்தால், மிகை எண்கள் மீது 1/ய பிறக்கிறது. த கனமாகவும் ச என்பது 1 − ய ஆகவும் இருந்தால் மேலே கண்ட கனமூலச் சார்பு.

துண்டு துண்டாக வரையறுத்தும் செய்யலாம். ய ≤ 0 என்றால் −2ய, ய > 0 என்றால் −ய/2. 3 → −1.5 → 3. இடது பாதியில் முடிவிலியிலிருந்து சுழியம்வரை இறங்கிவரும் எந்தத் தொடர்ச்சியான வளைவையும் வைத்துக்கொண்டு, வலது பாதியில் அதன் நேர்மாறை ஒட்டவைத்தால் போதும். ஆகவே தன்நேர்மாறுகளுக்குப் பஞ்சமே இல்லை.

ஏன் எல்லாம் இறங்குகின்றன?

இதுவரை மெய்யெண்கோடு முழுவதிலும் தொடர்ச்சியாக இருந்த உதாரணங்கள் எல்லாம், சமனிச் சார்பு தவிர, இறங்கு சார்புகள். தற்செயல் அல்ல. தொடர்ச்சியான ஒன்றுக்கு ஒன்று சார்பு இடைவெளியில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லது இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறுகிறது என்று வைப்போம், ஏதோ ஓரிடத்தில் ச(ய) > ய என்றும் வைப்போம். இருபுறமும் ச போட்டால் வரிசை மாறாது: ச(ச(ய)) > ச(ய), அதாவது ய > ச(ய). முரண். ச(ய) < ய என்றாலும் இதே கதி. எனவே ஏறுவது சமனிச் சார்பு மட்டுமே. இறங்குபவற்றுக்கு நிலைப்புள்ளி சரியாக ஒன்று இருக்கும், அங்கே வகைக்கெழு இருந்தால் அதன் மதிப்பு −1.

−1/ய ஏறுகிறதே என்று கேட்கலாம். அதன் சார்பகம் சுழியத்தில் உடைந்த இரண்டு துண்டுகள், தேற்றம் ஒரே இடைவெளிக்கானது. மறுபடியும் சார்பகம்தான்.

இரண்டைச் சேர்த்தால்

இரண்டு தன்நேர்மாறுகளை அடுத்தடுத்துச் செய்தால் கிடைப்பது தன்நேர்மாறாக இருக்க வேண்டும் என்றில்லை. முதலில் −ய, பிறகு 1 − ய செய்யுங்கள்: 1 − (−ய) = ய + 1. ஒவ்வொரு முறையும் ஒரு படி நகரும், என்றைக்கும் திரும்பாது. வரிசையை மாற்றினால் ய − 1. இரண்டையும் எந்த வரிசையில் செய்தாலும் ஒரே விடை வந்தால்தான் சேர்ப்பும் தன்நேர்மாறு. −ய, 1/ய இரண்டும் அப்படிப்பட்டவை, சேர்ந்தால் −1/ய.

இது குறையாகத் தோன்றினாலும் நிரல் எழுதுபவர்களுக்கு வரம். பட்டியல் ஒன்றை இடப்பக்கம் சுழற்ற வேண்டும், கூடுதல் நினைவகம் கிடையாது என்று வைப்போம். 1 2 3 4 5 6 7 என்பதை 2 இடம் சுழற்ற:

முதல் 2 உறுப்புகளைத் திருப்புக: 2 1 3 4 5 6 7
மீதி 5 உறுப்புகளைத் திருப்புக: 2 1 7 6 5 4 3
முழுவதையும் திருப்புக: 3 4 5 6 7 1 2

திருப்புவது தன்நேர்மாறு. முதல் இரண்டு வரிகளும் ஒன்றையொன்று தொடாததால் அவை சேர்ந்தும் ஒரு தன்நேர்மாறு. ஆக, சுழற்சி என்பது இரண்டு தன்நேர்மாறுகளின் சேர்ப்பு. எந்த வரிசைமாற்றத்தையும் இப்படி இரண்டாக உடைக்க முடியும். இரு கண்ணாடிகளில் அடுத்தடுத்துப் பட்ட பிம்பம் சுழன்று தெரிவதும் இதே கணக்கு.

எண்ணிப் பார்த்தல்

எ உறுப்புகள் கொண்ட கணத்தில் எத்தனை தன்நேர்மாறுகள்? கடைசி உறுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது தனியனாக இருக்கலாம், அப்போது மீதி எ − 1 உறுப்புகள். அல்லது மற்ற எ − 1 பேரில் ஒருவரோடு ஜோடி சேரலாம், அப்போது மீதி எ − 2. எண்ணிக்கையை ப என்றால்:

ப(எ) = ப(எ − 1) + (எ − 1)·ப(எ − 2)

1, 2 என்று தொடங்கினால் 4, 10, 26, 76, 232, 764 என்று வளரும். இந்தத் தொடர்பை ஹைன்ரிச் ஆகஸ்ட் ரோத்தே 1800-இலேயே குறித்துவைத்தார். சமனிச் சார்பும் இந்த எண்ணிக்கையில் அடக்கம் என்பதை மறக்க வேண்டாம், விடை ஒன்று குறைந்து போவது பெரும்பாலும் அதனால்தான்.

தனியனே இல்லாமல் 26 எழுத்துகளை 13 ஜோடிகளாக்கும் வழிகள் 25 × 23 × 21 × … × 3 × 1 = 7,905,853,580,625. இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய எனிக்மா இயந்திரத்தின் பிரதிபலிப்பான் 26 எழுத்துகளை இப்படித்தான் ஜோடி சேர்த்தது. மின்சாரம் சுழல் உருளைகள் வழியாகப் போய், பிரதிபலிப்பானில் ஜோடி மாறி, அதே உருளைகள் வழியாகத் திரும்பும். போய், செய்து, திரும்புதல்! எனவே மறைக்கவும் படிக்கவும் ஒரே அமைப்பு போதும், தொடக்க நிலை மட்டும் இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் பிரதிபலிப்பானில் தனியன் இல்லை என்பதால் எந்த எழுத்தும் மறைத்த பிறகு அதே எழுத்தாக வராது. செய்தியில் இருக்கும் என்று ஊகித்த ஒரு சொல்லை மறைவுரைக்குக் கீழே நகர்த்திக்கொண்டே போய், ஏதாவது ஓர் எழுத்து தன் மேலேயே பொருந்தினால் அந்த இடத்தைத் தள்ளிவிடலாம். மறையுடைப்பவர்களுக்கு அது பெரிய பிடியாக இருந்தது.

ஒற்றையா இரட்டையா

ஜோடிகளை நீக்கினால் தனியன்கள் மிஞ்சும். எனவே மொத்த உறுப்புகள் ஒற்றைப்படை என்றால் தனியன்களும் ஒற்றைப்படை, குறைந்தது ஒன்று இருந்தே தீரும். இவ்வளவு அற்பமான கவனிப்பு எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். 4-ஆல் வகுத்தால் 1 மீதி வரும் பகா எண் ஒவ்வொன்றும் இரு வர்க்கங்களின் கூடுதல் என்பது பழைய தேற்றம். டான் ஸகியே 1990-இல் அதற்கு ஒரே வாக்கியத்தில் நிரூபணம் கொடுத்தார். அதை 13 என்ற எண்ணில் கைகளாலேயே செய்து பார்க்கலாம்.

அ² + 4·ஆ·இ = 13 ஆகுமாறு மிகை முழு எண்களை எடுங்கள். அ = 1 என்றால் ஆ·இ = 3, அ = 3 என்றால் ஆ·இ = 1. மும்மைகள் மூன்றே: (1, 1, 3), (1, 3, 1), (3, 1, 1). ஸகியேயின் தன்நேர்மாறு இது:

அ < ஆ − இ என்றால் (அ + 2இ, இ, ஆ − அ − இ)
ஆ − இ < அ < 2ஆ என்றால் (2ஆ − அ, ஆ, அ − ஆ + இ)
அ > 2ஆ என்றால் (அ − 2ஆ, அ − ஆ + இ, ஆ)

(1, 1, 3) நடு வரியில் விழுந்து தானாகவே நிற்கிறது. (1, 3, 1) முதல் வரியில் (3, 1, 1) ஆகிறது, அது கடைசி வரியில் (1, 3, 1) ஆகத் திரும்புகிறது. தனியன் ஒன்று, எனவே மொத்தம் ஒற்றைப்படை. இப்போது அதே கணத்தில் இன்னொரு தன்நேர்மாறு: ஆ-வையும் இ-யையும் இடம் மாற்றுவது. மொத்தம் ஒற்றைப்படை என்பதால் இதற்கும் ஒரு தனியன் இருக்க வேண்டும், அதாவது ஆ = இ ஆன ஒரு மும்மை. (3, 1, 1) அதுதான்: 13 = 3² + 4·1·1 = 3² + 2². பெரிய பகா எண்களுக்கும் வாதம் எழுத்துக்கு எழுத்து இதே. முதல் தன்நேர்மாறின் ஒரே தனியன் எப்போதும் (1, 1, க), இங்கே பகா எண் 4க + 1.

தீர்வுக் கருவியாக

ச(ய) + 2·ச(1/ய) = 3ய என்ற சமன்பாட்டில் ச தெரியாது. ய இருக்கும் இடத்திலெல்லாம் 1/ய போடுங்கள்: ச(1/ய) + 2·ச(ய) = 3/ய. 1/ய தன்நேர்மாறு என்பதால் மூன்றாவது தெரியாத உறுப்பு எதுவும் முளைக்கவில்லை, இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாதவை. இரண்டாவதை இரட்டித்து முதலாவதைக் கழித்தால் 3·ச(ய) = 6/ய − 3ய, எனவே ச(ய) = 2/ய − ய. மூன்று படி சுற்றும் 1 − 1/ய இருந்திருந்தால் மூன்று சமன்பாடுகள் தேவைப்படும்.

தொகையிடலிலும் இதே தந்திரம். 0 முதல் 1 வரை மடக்கை(1 + ய)/(1 + ய²)-ஐத் தொகையிட வேண்டும். நேர்வழியில் முட்டிக்கொண்டு நிற்கும். ய-வுக்கு (1 − ய)/(1 + ய) பிரதியிடுங்கள். எதிர்க்குறி விதிப்படி இது தன்நேர்மாறு, 0-வையும் 1-ஐயும் இடம் மாற்றுகிறது. 1 + ய என்பது 2/(1 + ய) ஆகிறது. 1/(1 + ய²)-உம் வகையீட்டு உறுப்பும் சேர்ந்த பகுதி குறியை மட்டும் மாற்றிக்கொண்டு அப்படியே நிற்கிறது, எல்லைகள் இடம் மாறியதால் அந்தக் குறியும் சரியாகிவிடும். எனவே தேடும் மதிப்பு தொ என்றால் தொ = (π/4)·மடக்கை 2 − தொ. விடை (π/8)·மடக்கை 2.

அணிகளில் ஒரு குறிப்பு மட்டும். 2 × 2 அணியில் மூலைவிட்ட உறுப்புகள் அ, −அ, மற்ற இரண்டு ஆ, இ, மேலும் அ² + ஆ·இ = 1 என்றால் அதன் வர்க்கம் அலகு அணி. முதல் நிரை 3, −2, இரண்டாம் நிரை 4, −3 என்ற அணி (1, 1)-ஐ அசைக்காது, (1, 2)-ஐ (−1, −2) ஆக்கும். எந்தத் தன்நேர்மாறு அணியிலும் ஐகன் மதிப்புகள், அதாவது இப்படித் தன் கோட்டிலேயே நிற்கும் திசையன்கள் பெருக்கப்படும் எண்கள், 1, −1 மட்டுமே.

கணினியில் செய்யும்போது

எக்ஸ்ஓஆர் செயல்தான் இங்கே அரசன். 77 என்பது இரும எண்ணில் 01001101, சாவி 42 என்பது 00101010. பிட்டுகள் வேறுபட்டால் 1, ஒத்தால் 0 என்று எழுதினால் 01100111, அதாவது 103. அதன் மீது மறுபடி 42-ஐப் போட்டால் 77. இதில் நடக்கும் பெரிய தவறு ஒரே சாவியை இரண்டு செய்திகளுக்குப் பயன்படுத்துவது. இரண்டு மறைவுரைகளையும் ஒன்றின் மீது ஒன்று எக்ஸ்ஓஆர் செய்தால் சாவி அழிந்து, மூலச் செய்திகள் இரண்டின் எக்ஸ்ஓஆர் கையில் நிற்கும். சாவி சாவியைக் கொன்றுவிடுகிறது. இன்னொன்று, தற்காலிக மாறி இல்லாமல் மூன்று எக்ஸ்ஓஆர்களால் இரு மதிப்புகளை இடம் மாற்றும் வித்தை: இரண்டு பெயர்களும் நினைவகத்தில் ஒரே இடத்தைக் குறித்தால் மதிப்பு சுழியமாகிவிடும்.

எழுத்துகளை நகர்த்தும் மறைப்பில் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்து, சரியாகப் பாதி நகர்த்தினால்தான் தன்நேர்மாறு கிடைக்கும். ஆங்கில எழுத்துகள் 26 என்பதால் 13. தமிழ் மெய்கள் 18, எனவே 9: க–ம, ங–ய, ச–ர, ஞ–ல, ட–வ, ண–ழ, த–ள, ந–ற, ப–ன. உயிர்க்குறிகளைத் தொடாமல் மெய்களை மட்டும் மாற்றினால் ‘கடல்’ ‘மவஞ்’ ஆகும், ‘தமிழ்’ ‘ளகிண்’ ஆகும். திரும்பவும் மாற்றிப் பாருங்கள். விளையாட்டுக்கு நல்லது, ரகசியத்துக்கு ஆகாது.

தசம எண்கள் வந்தவுடன் கணிதத்தில் தன்நேர்மாறாக இருப்பது இயந்திரத்தில் அப்படி இருக்க வேண்டியதில்லை. 64 பிட் மிதவைப் புள்ளி எண்களில் 49 × (1 ÷ 49) என்பது 1 அல்ல, 0.9999999999999999. எனவே ச(ச(ய))-வை ய-வோடு சமக்குறி போட்டு ஒப்பிடும் சோதனை நல்ல நிரலையும் தோற்கடிக்கும், சிறிய சகிப்பு எல்லை ஒன்றைக் கொடுங்கள். ஆனால் சகிப்பு எல்லை எல்லாவற்றையும் காப்பாற்றாது. √(1 − ய²)-இல் ய = 0.000000001 போடுங்கள். 1 − 10⁻¹⁸ என்பது 53 பிட் துல்லியத்தில் 1 ஆகவே வட்டமாகும், விடை 1. மறுபடி போட்டால் 0. தொடக்க எண் முழுதாகக் காணாமல் போய்விட்டது.

இதே நோய் நிஜப் பயன்பாட்டிலும் தாக்கும். அடுக்கு(ய) என்பது 2.71828… என்ற எண்ணின் ய அடுக்கு, மடக்கைக்கும் அதே எண் அடிமானம் என்றால்,

ச(ய) = மடக்கை[(அடுக்கு(ய) + 1)/(அடுக்கு(ய) − 1)], ய > 0

என்பது தன்நேர்மாறு. சமச்சீர் வடிவம் (அடுக்கு(ய) − 1)(அடுக்கு(வ) − 1) = 2. 1 போட்டால் 0.77194, அதைப் போட்டால் 1. பிழைதிருத்தும் குறியீடுகளைப் பிரித்தெடுக்கும் வழிமுறைகளில் இந்தச் சார்பு வருகிறது. ய = 40 போட்டால் அடுக்கு(40) கிட்டத்தட்ட 2.35 × 10¹⁷. அந்த அளவில் ஒன்றைக் கூட்டினாலும் கழித்தாலும் எண் அசையாது, விகிதம் 1, மடக்கை 0. அடுத்த சுற்றில் சுழியத்தால் வகுக்க நேரும். ய பெரிதாக இருக்கும்போது 2·அடுக்கு(−ய) என்ற தோராயத்துக்கு மாறுங்கள். அப்போது 40-க்குச் சுமார் 8.5 × 10⁻¹⁸ கிடைக்கும். திரும்பி வரும்போது ய மிகச் சிறியது, அங்கே மடக்கை(2/ய) என்று கணக்கிட்டால் 40 பத்திரமாக வந்து சேரும்.

முழு எண்களில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஒரு வேடிக்கை உண்டு. கணினிகள் குறை எண்களை எழுதும் இரண்டின் நிரப்பி முறையில் 8 பிட்டுகள் −128 முதல் 127 வரை 256 மதிப்புகளைத் தாங்கும். குறியை மாற்றுவது அங்கேயும் தன்நேர்மாறு. 256 இரட்டைப்படை, 0 ஒரு தனியன், எனவே இன்னொரு தனியன் எங்கோ இருந்தே ஆக வேண்டும். அது −128: குறியை மாற்றினாலும் −128-ஆகவே நிற்கும். மட்டு மதிப்பு கேட்டவருக்குக் குறை எண் விடையாக வருவது இந்த ஓர் இடத்தில்தான்.